வெளிமானுக்கு மரம் வேணாம், வெளி வேணும்

(சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துல பேசுனது. பேசுன மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். உள்ள வரும்போது பார்த்தேன், கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் புல்லு காட்டுல வரிசையா குழி வெட்டி வச்சிருக்கீங்க, மதியத்துக்கு மேல கன்னு நடப் போறீங்கன்னு சொன்னாங்க. வெயில்ல நின்னு வெட்டியிருக்கீங்க, அந்த ஆர்வம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அதைப் பார்த்ததும் நான் பேச நினைச்சிட்டு வந்ததையே மாத்திக்கிட்டேன்.

சென்னை ஐஐடிய எடுத்துக்கோங்க. 1959ல ஆரம்பிச்சப்போ கிண்டி காட்டுலேர்ந்து பிரிச்சுக் குடுத்த இடம் அது, 600 ஏக்கருக்கு மேல இருக்கும், மிச்ச காடு 1978ல தேசியப் பூங்காவாச்சு, ரெண்டும் இன்னைக்கும் சுவர் ஒட்டி ஒட்டிதான் இருக்கு. அங்க புள்ளிமானும் இருக்கு, வெளிமானும் இருக்கு. புள்ளிமான் மரத்தடியில பழம், இலைன்னு கிடைச்சத மேஞ்சுக்கும். வெளிமான் அப்படியில்ல, அதுக்கு திறந்த புல்வெளி வேணும், தூரத்துல என்ன வருதுன்னு கண்ணால பார்க்கணும், பார்த்ததும் ஓட இடம் வேணும். பேர்லயே வெளி இருக்கு பாருங்க. அந்த வெளியில ஒரு கட்டடம் வந்தாலும் அதுக்கு இடம் போச்சு, நல்ல எண்ணத்துல நெருக்கமா மரம் வச்சாலும் இடம் போச்சு. கோடியக்கரையிலயும் இதே கதைதான், 1967ல வெளிமானுக்காகவே சரணாலயம்னு அறிவிச்ச இடம், அந்தப் புல்வெளிக்குள்ள சீமைக்கருவேலம் பூந்து பூந்து மான் மேயுற இடத்த சுருக்கிடுச்சு.

இங்க மான் இல்லையே சார்னு நீங்க கேட்கலாம். ஆள்காட்டிக் குருவி இருக்கே! காலையில கத்திக்கிட்டே என் தலைக்கு மேல சுத்துச்சு. அது மரத்துல கூடு கட்டாது, வெறுந்தரையில கல்லோட கல்லா முட்டை வைக்கும், பக்கத்துல நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது. மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் அதுக்கு முட்டை வைக்கிற காலம், நாம கடப்பாரைய தூக்கிட்டுப் போறது ஜூன் 5. அப்படி சுத்தி சுத்திக் கத்துதுன்னா கீழ எங்கயோ முட்டையோ குஞ்சோ இருக்குன்னுதான் நினைக்கத் தோணுது. நம்மள்ல பலபேரு புல்லு முளைச்ச இடத்த "சும்மா கிடக்கு"ன்னு சொல்லிப் பழகிட்டோம், நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். சும்மா கிடக்குற இடம்னு ஒண்ணு இல்லப்பா.

மரமே வேணாம்னு சொல்லல. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில தெருத்தெருவா மரம் சாஞ்சு கிடந்துச்சு, அதுல நிறைய வெளியூர்லேர்ந்து கொண்டு வந்து அழகுக்கு வச்ச வகைங்க, குல்மோகர் மாதிரி. புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை, இதையெல்லாம் கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் பக்கத்துல, நிழல் தேவைப்படுற இடத்துல வைங்க. வச்சிட்டு ரெண்டு கோடைக்கு தண்ணி ஊத்துங்க, போன வருஷம் வச்ச குழியிலயே இந்த வருஷமும் கன்னு வைக்கிற நிலைமை பல கேம்பஸ்ல இருக்கு.

அடுத்தது மெஸ். இது எனக்கு மனசு வலிக்கிற விஷயம். ஐஐடி மான்கள் செத்தப்போ வயித்துக்குள்ள பிளாஸ்டிக் இருந்துச்சுன்னு எத்தனையோ தடவ செய்தி வந்திருக்கு. மான் ஏன் கவர திங்குது? மிச்ச சாப்பாட்ட கவர்ல போட்டு முடிச்சுப் போட்டுத் தூக்கி எறியுறோம், உப்பு வாசனைக்கு அது கவரோட சேர்த்து முழுங்குது. அசை போடுற பிராணிக்கு அது செரிக்காது, முதல் இரைப்பையிலயே தங்கிடும், வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கும், அப்புறம் மேயாது, பட்டினியிலயே சாகும். உங்க கேட் வாசல்ல குப்பைத்தொட்டிய கிளறுற மாட்டுக்கும் இதேதான் நடக்குது. 2019 ஜனவரியிலேர்ந்து தமிழ்நாட்டுல ஒருதடவ தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு, ஆனா கேம்பஸுக்குள்ள அதை நடைமுறையில கொண்டு வர்றது பார்சல் வாங்குற நம்ம கையிலதான் இருக்கு. டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போங்க. தட்டுல மிஞ்சுறத தினமும் எடை போட்டு மெஸ் வாசல்ல எழுதி வைங்க, யாரையும் திட்ட வேணாம், அந்த நம்பரே பேசும்.

தண்ணிக்கு ஒரு சின்ன கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசு அளவு வச்சிருக்கு, ஹாஸ்டல்ல 2,000 பேரு இருந்தா 2,70,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில கொண்டு வந்தா தினமும் 22 லாரிக்கு மேல ஆகுது. 2019ல சென்னைக்குத் தண்ணி குடுக்குற ஏரியெல்லாம் வறண்டு கிடந்தத நீங்க மறந்திருக்க மாட்டீங்க. அந்த 2,70,000ல முக்கால்வாசிக்கு மேல கழிவுநீராத்தான் வெளிய போகுது, அதை சுத்தம் பண்ணி பிளஷுக்கும் தோட்டத்துக்கும் விட்டா எத்தனை லாரி குறையும்னு நீங்களே போட்டுப் பாருங்க, இஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பிராஜெக்ட் எனக்குத் தெரியல.

கரண்ட பத்தி ஒரே வரி: பழைய பேன் 75 வாட், கரண்ட் கம்மியா இழுக்குற புது மோட்டார் வச்ச பிஎல்டிசி பேன் 30 வாட் சுமாருக்கு ஓடும், 1,000 பேன மாத்தி 12 மணி நேரம் ஓட்டுனா தினமும் 540 யூனிட் மிச்சம்.

அப்புறம் தயவுசெஞ்சு சருக எரிக்காதீங்க. பெருக்குற அக்காங்கதான் அந்தப் புகைய முதல்ல சுவாசிக்கிறாங்க. பெருக்குனத ஒரு குழியில போட்டு சாணிக்கரைசல் தெளிச்சு, அப்பப்போ கிளறிவிட்டாலே எருவாயிடும், குழிதான் ஏற்கனவே வெட்டி வச்சிருக்கீங்களே.

ஆமா, அந்தக் குழிங்க. சாப்பிட்டுட்டு நாம எல்லாரும் அங்க ஒரு நடை போவோம், கன்னு எதையும் இப்போ எடுத்துட்டு வர வேணாம். ஆள்காட்டி எங்க உக்காருதுன்னு தூரத்துலேர்ந்தே பார்ப்போம், கால பார்த்து வைங்க. அங்க முட்டை இருந்தா இந்தக் கன்னுங்கள ஹாஸ்டல் ரோட்டோரமா வச்சிக்கலாம், நானும் உங்ககூட மண்வெட்டி பிடிக்கிறேன்.