இமிக்ரேஷன் ஜாமீன்: பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் தெரிந்தவரை ஐஸ் (ICE, அங்கே குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் அமைப்பு) அதிகாரிகள் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள், நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார், நான் போய்ப் பணம் கட்டலாமா, கட்டினால் என் தலையில் ஏதாவது விழுமா? கட்டலாம், விழவும் செய்யும். நான் வக்கீல் இல்லை, நண்பரின் தம்பிக்காகக் கட்டியவன், அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

முதலில் ஆள் எங்கே என்று தெரிய வேண்டும். நியூ ஜெர்சியில் பிடித்தவரை லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ கொண்டுபோய்விடுவார்கள், வீட்டுக்குத் தகவல்கூட வராது. ஐஸ் தளத்தில் ஆளைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், நம் பெயர்களோடு அது நடக்கிற காரியமா? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டு வைத்திருப்பார்கள், அப்பா பெயர் முன்னால் போயிருக்கும். அதனால் அவர் உள்ளேயிருந்து ஃபோன் செய்யும்போது, அழுகை ஆறுதல் எல்லாம் அப்புறம், முதலில் ஏ நம்பரை, அதாவது இமிக்ரேஷன் துறை அவருக்குக் கொடுத்த அடையாள எண்ணை, வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது இலக்கம், எட்டுதான் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம். அதையும் பிறந்த நாட்டையும் போட்டால் எந்தத் தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று வந்துவிடும்.

எல்லோருக்கும் ஜாமீன் உண்டா என்றால், இல்லை. விமான நிலையத்திலோ எல்லைச் சாவடியிலோ வந்து தஞ்சம் கேட்டவருக்கு இமிக்ரேஷன் நீதிபதி ஜாமீன் தர முடியாது, ஐஸ் தானாகப் பரோல் (தற்காலிகமாக வெளியே விடுவது) கொடுத்தால்தான் உண்டு. எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டி வந்து பல வருஷம் இங்கே இருந்தவர்களுக்கு முன்பெல்லாம் ஜாமீன் விசாரணை கிடைத்தது. 2025 ஜூலையில் ஐஸ் அதை மறுக்க ஆரம்பித்தது, செப்டம்பரில், இமிக்ரேஷன் நீதிபதிகளின் தீர்ப்பை மேலே விசாரிக்கும் குடிவரவு மேல்முறையீட்டு வாரியமும் அவர்களுக்கு ஜாமீன் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு குடும்பங்கள் ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட, பல நீதிபதிகள் வாரியம் சொன்னதை ஏற்கவில்லை. ஊருக்கு ஊர் நிலைமை வேறு, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இந்த ஒரு இடத்தில் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள். அரசாங்கம் வக்கீல் வைத்துத் தராது, நாம்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி 1,500 டாலருக்குக் கீழே போகாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். பத்து சதவீதம் கட்டினால் போதும் என்று சினிமாவில் பார்த்ததெல்லாம் வேறு கோர்ட், இங்கே முழுத் தொகையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும். முன்பு கேஷியர் செக் எடுத்துக்கொண்டு ஐஸ் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது சீபாண்ட்ஸ் என்று ஆன்லைனில் கட்டும் முறை வந்துவிட்டது. கட்டுகிறவர் தன் அடையாள அட்டையை ஏற்றி, ஐ-352 என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு, வங்கியிலிருந்து வயர் (நேரடிப் பணப் பரிமாற்றம்) அனுப்ப வேண்டும். கிரெடிட் கார்டு செல்லாது. வெள்ளிக்கிழமை மாலை ஜாமீன் கிடைத்தால் சனி ஞாயிறு அவர் உள்ளேதான், ஏனென்றால் வங்கி திங்கட்கிழமைதான் வயர் அனுப்பும். சட்டப்படியான ஸ்டேட்டஸ் இல்லாதவர் தயவுசெய்து தன் பெயரில் கட்டப் போகாதீர்கள், சிட்டிசனோ க்ரீன் கார்டுக்காரரோ கட்டட்டும்.

அந்த ஒப்பந்தத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. அது அரசாங்கத்துக்கும் பணம் கட்டியவருக்கும் இடையே போட்டது. கூப்பிட்ட தேதியில் ஆளை நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறோம். ஐ-340 என்று ஒரு கடிதம் வரும், இந்தத் தேதியில் இந்த அலுவலகத்துக்கு இவரைக் கூட்டி வாருங்கள் என்று. அது பணம் கட்டியவரின் வீட்டுக்குத்தான் வரும். இடையில் நீங்கள் அபார்ட்மெண்ட் மாறி, ஐஸுக்குச் சொல்லாமல் விட்டால், கடிதம் பழைய வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கும், பணம் போய்விடும். பணம் போய்விட்டது என்ற முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் தருகிறார்கள். அவருடைய நாடு கடத்தல் வழக்கு முடிய வருஷக்கணக்காகும், அதுவரை இந்தப் பொறுப்பு உங்களுடையது.

அதே மாதிரி வெளியே வந்தவரும் தன் புது முகவரியை ஐந்து வேலை நாளுக்குள் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குத் தனி ஃபாரம் இருக்கிறது. வழக்கு முகாம் இருக்கிற ஊரிலேயே தங்கிவிடக்கூடும், நம் ஊர்க் கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லித் தனியாக மனு போட வேண்டும். போடாமல் விட்டு, டெக்சாஸில் கூப்பிட்ட நாளில் இவர் நியூ ஜெர்சி எடிசனில் உட்கார்ந்திருந்தால், ஆள் இல்லாமலேயே நாடு கடத்தும் உத்தரவு, கூடவே நம் பணமும் காலி. இன்னொன்று, ஜாமீனில் வந்தால் வேலைக்குப் போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வொர்க் பெர்மிட் தனியாக வாங்க வேண்டும்.

கையில் முழுப் பணம் இல்லாதவர்கள், கமிஷன் வாங்கிக்கொண்டு நமக்காக ஜாமீன் கட்டும் பாண்ட் கம்பெனிக்குப் போவார்கள். அந்தக் கமிஷன் திரும்ப வராது, சில கம்பெனிகள் காலில் ஜிபிஎஸ் பட்டையும் மாட்டி அதற்கு மாத வாடகையும் கேட்கும். என்னைக் கேட்டால் நாலு பேரிடம் கைமாற்று வாங்கி நேராகக் கட்டிவிடுவதே மேல். ஆனால் ரசீது ஒரே ஒருவர் பெயரில்தான் வரும், திரும்பி வரும் பணமும் அவருக்குத்தான். எனவே யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்து போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப் குரூப்பில் "ஓகே அண்ணா" என்று போட்டது இன்னும் மூன்று வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வழக்கு முடிந்து அவர் ஜெயித்தாலும் சரி, உத்தரவுப்படி நாட்டை விட்டுக் கிளம்பினாலும் சரி, ஜாமீன் ரத்தாகிவிட்டது என்று ஐ-391 என்ற அறிவிப்புக் கடிதம் வரும். அதையும் பணம் கட்டிய ரசீதையும் வைத்து, வெர்மான்ட் மாநிலத்தில் வில்லிஸ்டன் என்ற ஊரில் இருக்கும் ஐஸின் கணக்குப் பிரிவிடம் கேட்க வேண்டும். கொஞ்சம் வட்டியும் சேர்த்துத் தருவார்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், தொலைந்தால் அதற்கு வேறு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்து அலைய வேண்டும்.

கேள்வி இருந்தால் கமெண்டில் போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஏ நம்பரையும் ஆள் பெயரையும் மட்டும் அங்கே எழுதாதீர்கள், போன வீடியோவில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், நான்தான் உட்கார்ந்து அழித்தேன்.