எங்கே போனாய் என்று கேட்காத வரி

(திருகோணமலையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: வாகனக்காரரிடம் வீதிக்கான வரியை வாங்கச் சிறந்த வழி எரிபொருளா, ஓடிய தூரமா? ‘எரிபொருளே’ அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் திருக்கடலூர் மீனவரைக் கூட்டிவந்து மேடையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். “கடலில் ஏது றோட்டு? படகுக்காரன் ஏன் றோட்டு வரி கட்டவேண்டும்?” என்று அவர் கேட்டதும் நீங்கள் கைதட்டியது எனக்கும் கேட்டது. நல்ல கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளியில் இயந்திரம் பூட்டிய சின்னப் படகு எதில் ஓடுகிறது? மண்ணெண்ணெயில். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே தாவலில் 340 ஆனது. கடற்கரை என்ன பாடுபட்டது என்று இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது வீதி வரி செய்த வேலையா? மானியத்தை எடுத்ததால் விழுந்த அடி அது. நாங்கள் பேசுவது பெற்றோல், டீசல் வரியைப் பற்றி. மண்ணெண்ணெய் தனிப் பம்பில் வருகிற தனிச் சாமான், அதைத் தொடாமலே வரி போடலாம். சரி, பலநாள் கலம் டீசலில்தானே ஓடுகிறது, கந்தளாய் வயலில் உழவு இயந்திரமும் டீசல்தானே என்பீர்கள். உண்மை. பிரிட்டனில் கமக்காரரின் உழவு இயந்திரத்துக்கு வரி குறைத்த டீசல் கொடுக்கிறார்கள், அதில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். வீதியில் ஓடுகிற காருக்கு அதை ஊற்றினால் சாயமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சாயத்தில் தீர்கிற விஷயத்துக்கு, இந்த நாட்டில் பதிவான 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களின் மீற்றரையும் எட்டிப் பார்க்கப் போவானேன்?

எரிபொருள் வரியை எங்கே வாங்குகிறோம்? எண்ணெய் இறக்குமதியாகிற இடத்தில். பெற்றோலியக் கூட்டுத்தாபனம், லங்கா ஐஓசி, 2023இல் வந்த சினோபெக் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வாசல்கள். அங்கே வாங்கினால் முடிந்தது. தூர வரி என்றால் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நிற்கும் மோட்டார் சைக்கிள் வரைக்கும் வரவேண்டும். படிக்க ஆள், பதிய ஆள், பிழை என்று முறையிட்டால் விசாரிக்க இன்னோர் ஆள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மீற்றரை நம்பலாம் என்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய வான் ஒன்றை மீற்றரைப் பார்த்து நம்பி வாங்கியவர்கள் இந்தச் சபையில் இருந்தால் கையைத் தூக்குங்கள். போதும், போதும், இறக்குங்கள். வரியே இல்லாதபோது மீற்றரைப் பின்னால் சுற்றத் தெரிந்தவர்கள், வரி வந்தால் சும்மா இருப்பார்களா?

“அதற்குத்தான் செய்மதிக் கருவி இருக்கிறதே, வண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி” என்றார் எதிரணித் தலைவர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. நடுவர் அவர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். இந்த ஊரில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சென்றி என்றால் என்னவென்று தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, “எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவாய்” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறியவர்கள் நாங்கள். மூதூர்ப் பக்கம் போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை இப்போது காசும் கொடுத்து வண்டிக்குள் பூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்! யார் வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு நின்றாய், எந்தக் கூட்டத்துக்குப் போனாய் என்பதெல்லாம் எங்கோ ஒரு கணினியில் கிடக்கும். வரிக்கு மட்டும்தான் பார்ப்போம் என்பார்கள். சொல்லலாம். பெற்றோல் செட்டில் நிற்கிற பையன் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: “எவ்வளவுக்கு?”

இது எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் உள்ள பயம் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் பெற்றோலுக்கு முதன்முதலில் வரி போட்ட மாநிலம் ஓரிகன், 1919இல், கலனுக்கு ஒரு சதம். அதே ஓரிகன்தான் 2015இல் மைலுக்கு ஒன்றரைச் சதம் என்று தூர வரியையும் தொடங்கியது. எப்படித் தொடங்கியது? விரும்பி வந்தவர்களை மட்டும் சேர்த்து. தடம் பார்க்காத கருவி ஒன்றையும் தெரிவில் வைத்துத்தான் ஆட்களைக் கூப்பிடவேண்டியிருந்தது. எங்கள் கோட்டையைத் திருத்திக் கட்டிய ஒல்லாந்தரும் தங்கள் நாட்டில் கார்களுக்குச் செய்மதி வைத்துக் கிலோமீற்றர் வரி வாங்கப் பெரிய திட்டம் போட்டார்கள். 2010இல் அரசாங்கம் கவிழ்ந்தது, திட்டமும் அதோடு போயிற்று.

அப்புறம் காசு கட்டுகிற விதம். ஓட்டோ ஓடுகிறவர் காலையில் “ஐந்நூறுக்கு அடி தம்பி” என்கிறார். வரி அந்த ஐந்நூறுக்குள்ளேயே போய்விடுகிறது. தூர வரியில் வருடம் 30,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, ஒரு கணக்குக்குக் கிலோமீற்றருக்கு மூன்று ரூபா என்று வைத்தாலும், ஒரேயடியாக 90,000 ரூபா. இல்லை, நியூசிலாந்தில்போல ஆயிரம் ஆயிரம் கிலோமீற்றராக வாங்கலாம் என்பார்கள். அங்கே ஓடுவதற்கு முன்னாலேயே காசு கட்டவேண்டும், ஐயா. ஓடினால்தான் காசு பார்க்கிறவரிடம் ஓடுமுன் கேட்கிறீர்கள்.

இன்னொன்றையும் எதிரணி தொடவே இல்லை. இங்கே எரிகிற ஒவ்வொரு லீற்றரும் டொலர். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. 2022இல் நாங்கள் அந்தக் குதங்கள் இருக்கிற ஊரிலேயே வெறும் கானுடன் வரிசையில் நின்றோம். லீற்றரில் வரி இருந்தால் குறைய எரிக்கிற வண்டியை வாங்கத் தோன்றும். தூரத்தில் மட்டும் வரி வைத்தால் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடுகிற ஜீப்புக்கும் இருபது ஓடுகிற சின்னக் காருக்கும் ஒரே கணக்கு. அந்த வரிசைகள் ஒழுங்குக்கு வந்தது எதனால்? வண்டிக்கு வாரம் இவ்வளவு லீற்றர்தான் என்று பங்கிட்ட கியூஆர் அட்டையால். அதுவும் கிலோமீற்றரை எண்ணவில்லை, செட்டில் வைத்து லீற்றரைத்தான் எண்ணியது.

எதிரணியின் உண்மையான பலம் மின்கார். பெற்றோலே அடிக்காதவன் வரி கட்டமாட்டானே என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், அது வரப்போகிற சிக்கல்தான். ஆனால் மின்கார் சும்மா உள்ளே வருவதில்லை. இறக்குமதியாகும்போதே மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்துத் தீர்வை வைக்கிறார்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வரும்போது இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாமே. நியூசிலாந்தும் ஐஸ்லாந்தும் 2024இல் மின்காருக்குக் கிலோமீற்றர் வரி போட்டது உண்மை. ஐஸ்லாந்தின் மொத்தச் சனம் ஏறத்தாழ எங்கள் ஒரு மாவட்டத்துச் சனம்தான் என்பதை நண்பர் சொல்ல மறந்துவிட்டார். நியூசிலாந்தில் பெற்றோல் கார் அதற்குப் பிறகும் செட்டில்தான் வரி கட்டியது என்பதையும் மறந்துவிட்டார்.

சீமெந்து லொறி வீதியை உடைக்கிறது என்ற வாதம் சரி. அச்சுக்கு ஏறுகிற பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வருகிற சேதம் பதினாறு மடங்கு வரை போகும் என்று பொறியியலாளர்களே சொல்கிறார்கள். அதற்கு லொறியின் பாரத்தில் கை வையுங்கள். அந்த வாதத்தை இறக்கி ஓட்டோவின் கூரையில் ஏற்றாதீர்கள்.

அடுத்துப் பேச வருகிற சகோதரியிடம் ஒரு கேள்வி. வெருகலில் ஓர் ஓட்டோ, மீற்றர் கேபிள் அறுந்து மூன்று மாதம். இந்த மூன்று மாதமும் அது எவ்வளவு தூரம் ஓடியது என்று யார் சொல்வது? ஓட்டோக்காரரா, அதிகாரியா, செய்மதியா? யாரென்றாலும் சரி, அதற்கு எவ்வளவு செலவாகும், அந்தச் செலவை யார் தலையில் கட்டுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.