பதிவேட்டில் கோடிட்ட பெயர்கள்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கத்தில், தமிழில் ஆராதனை நடக்கும் சிறிய லுத்தரன் சபை ஒன்றில் நான் நெடுங்காலமாக மூப்பராக இருந்துவருகிறேன். ஆண்டுக்கொரு முறை போதகருடன் அமர்ந்து சபைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. நான் அந்தப் பொறுப்பை ஏற்ற காலத்தில் இருந்த குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கின்மேல் இன்று சிவப்பு மையால் கோடு விழுந்திருக்கிறது.

இந்தக் குறைவு நம்மோடு நிற்பதன்று. 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி 1907இல் நாகர்கோவிலுக்கு வந்த மிசௌரி மிஷனை நமக்கு அனுப்பிய அமெரிக்கத் திருச்சபையில், 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இருந்தார்கள். இப்போது 18 இலட்சத்துக்கும் குறைவு. அந்நாட்டிலேயே மூன்று சபைகள் இணைந்து 1988இல் உருவான மற்றொரு லுத்தரன் அமைப்பு 52 இலட்சம் பேரோடு தொடங்கி, இன்று 30 இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. குடும்பங்கள் சிறுத்தன, இளையோர் ஊரை விட்டு நகரங்களுக்குப் போனார்கள், ஞானோபதேசம் கற்று, விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிடும் திடப்படுத்தல் சடங்கைப் பெற்ற பிள்ளைகள் பலர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆலயத்துக்கு வரவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்துகொண்டு இதைக் கேட்கும் உங்களுக்கு இந்தக் காரணங்களை நான் விளக்க வேண்டியதில்லை.

சபை குறைகிறது என்றதும் கன்வென்ஷன் நடத்தலாம், புதிய ஒலிபெருக்கி வாங்கலாம் என்று யோசனைகள் வரும். அவற்றை நான் தடுப்பதில்லை. ஆனால் நம் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் என்ன செய்தார் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1528இல் அவர் சாக்சனி நாட்டுச் சபைகளை நேரில் சென்று பார்த்தார். கர்த்தருடைய ஜெபத்தைக்கூட அறியாத மக்களைக் கண்டு மனம் வருந்தித் திரும்பி, 1529இல் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதன் பகுதிகளுக்கு மேலே, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விதம் என்று குறித்திருக்கிறார். முதலில் போய்ப் பார்த்தார், அதன்பிறகே எழுதினார் என்பதை நான் எங்கள் சபைக்குழுவில் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

இது எனக்கு விளங்கியது ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளியின் வீட்டில்தான். அந்தக் குடும்பத்தைப் பதிவேட்டில் "தொடர்பு இல்லை" என்றும், அவ்வீட்டுப் பெண்பிள்ளையைத் திடப்படுத்தல் வகுப்பில் "ஆர்வம் இல்லை" என்றும் எழுதியிருந்தோம். எழுதியவன் நானே. இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வற்புறுத்தி என்னை அங்கே அழைத்துச் சென்றார். பார்வை போய்விட்ட அம்மச்சி திண்ணையில் இருந்தார். எங்கள் குரலைக் கேட்டதும், "உபதேசியாரே, ராப்போஜனம் எந்த ஞாயிற்றுக்கிழமை?" என்று, அப்பமும் இரசமும் பெறும் திருவிருந்தைப் பற்றித்தான் கேட்டார். வாகனம் கிடைக்காததால் அவர் வரவில்லை. அதை விசாரிக்க எங்களில் ஒருவரும் போகவில்லை.

பேத்தி ஒன்பதாம் வகுப்பு. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாரே, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றாள். 1956இல் தெற்குத் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது நம் பகுதி கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பது நாம் நாள்தோறும் காண்பது. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளையின் கையில் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, மற்றவர்கள் முன்னிலையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். அவள் வெட்கப்பட்டு நின்றுவிட்டாள். ஆர்வம் இல்லை என்று நாங்கள் எழுதிக்கொண்டோம்.

அம்மச்சிக்கோ ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம். உபதேசியார் "இதற்கு அர்த்தமென்ன?" என்று கேட்கக் கேட்க, அவர் தடையில்லாமல் மறுமொழி சொன்னார். பேத்தி அதை ஒரு நோட்டில் மலையாள எழுத்தில் எழுதத் தொடங்கினாள். மொழி தமிழ், எழுத்து மலையாளம். ஏறக்குறைய நான்கு மாதம், வாரத்தில் ஒரு மாலை, அந்தத் திண்ணையில் இது நடந்தது. திடப்படுத்தல் நாளில் அவள் பத்துக் கட்டளைகளையும் அவற்றின் பொருளையும் தமிழில் சொன்னாள். அம்மச்சியை ஜீப்பில் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம்.

ஆகவே, கோடு போடுமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்து நண்பர் சைகை காட்டுகிறார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவர் என்று பதிந்தால் பட்டியல் சாதிச் சலுகை கிடைக்காது என்பதால் பதிவேட்டில் பெயரெழுதத் தயங்கும் குடும்பங்களைக் குறித்து விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், இப்போது இயலவில்லை. அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பியுள்ள பெற்றோர், சபை மாறுதல் கடிதத்தைப் போதகரிடம் கேட்டு வாங்கி அனுப்புங்கள்; அங்குள்ள சபைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தொலைபேசியில் பேசும்போது விசாரியுங்கள். வணக்கம்.