சார்லஸ்டனில் ஒரு முறம்
(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது "அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்" என்றார். அவ்வளவெல்லாம் இல்லை ஐயா. ஒரே ஒரு ஊர், அதைச் சுற்றி முப்பது கிலோமீட்டர், ஆறே நாள். தென் கரோலினா மாநிலத்தில் சார்லஸ்டன் என்கிற துறைமுக நகரம். பயண எழுத்தாளர்கள் மாநாடு ஒன்றுக்குப் போயிருந்தேன்.

சின்ன வயதில் நாமெல்லாம் ஒரு கடி ஜோக் சொல்லிச் சிரித்திருப்போம். தாஜ்மஹாலைக் கட்டியது யார்? ஷாஜகான். இல்லை, கொத்தனார்! சார்லஸ்டனில் இருந்த ஆறு நாளும் இந்த ஜோக் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே அது ஜோக்காக இல்லை. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

மாநாட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. குளிர்சாதன அரங்கம், கழுத்தில் பெயர் அட்டை, துணிப்பை, பைக்குள் ஐந்து கிலோ விளம்பரத் தாள். கட்டுரையின் முதல் வரி எப்படி இருக்க வேண்டும், படத்துக்கு உரிமை யாருக்கு, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று அமர்வுகள். காபி சுமார். முக்கியமான விஷயம் மதியத்துக்கு மேல். பேருந்தில் ஏற்றி, சுற்றியுள்ள பழைய பிளான்டேஷன்களுக்கு அழைத்துப் போவார்கள். பிளான்டேஷன் என்பதை நாம் "தோட்டம்" என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாள் பூன் ஹால். வாசலிலிருந்து மாளிகைவரை முக்கால் மைல் தூரத்துக்கு இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். 1743இல் நட்டவை. கிளைகள் மேலே ஒன்றோடொன்று கைகோத்துக் கூரை மாதிரி நிற்கின்றன. கிளைகளிலிருந்து நரைத்த தாடி மாதிரி ஒன்று தொங்கும். ஸ்பானிஷ் பாசி என்று பெயர். உண்மையில் அது பாசியே இல்லை, அன்னாசி இனத்தைச் சேர்ந்த செடி. பேருந்தே "ஆஹா" என்றது. நானும் என்றேன், பொய் சொல்லக் கூடாது.

சாலை முடியும் இடத்தில் வெள்ளைத் தூண்களோடு மாளிகை. இருநூறு வருடப் பழசு என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் படம் எடுத்தார்கள். அது 1936இல் கட்டியது. கனடாக்காரர் ஒருவர் தோட்டத்தை வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டு, பழைய மாளிகை மாதிரியே ஒன்றை எழுப்பினார். அப்படியானால் அங்கே நிஜமாகவே பழசு எது? ஓக் சாலையை ஒட்டி வரிசையாக ஒன்பது செங்கல் குடில்கள் இருக்கின்றன. அடிமையாக்கப்பட்டவர்கள் குடியிருந்த வீடுகள். பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பது தொடங்கும் சமயத்தவை. அந்தத் தோட்டத்தில் செங்கல் சூளை இருந்தது. மண் பிசைந்ததும் அறுத்ததும் சுட்டதும் அவர்கள்தான். சார்லஸ்டனின் பழைய செங்கற்களில் விரல் பதிந்த குழிகளைப் பார்க்கலாம். ஈரம் காயும் முன் திருப்பிப் போட்ட கை. சில குழிகளில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. குழந்தைகள் அறுத்த செங்கல்.

இந்த மாதிரித் தோட்டங்கள் கல்யாணத்துக்குப் பேர் போனவை. 2012இல் ஒரு ஹாலிவுட் நடிகரும் நடிகையும் பூன் ஹாலில்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிற்பாடு, 2020இல், அதற்காக வருத்தம் தெரிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடமே, படங்களைப் பகிரும் பின்டரஸ்ட் போன்ற இணையத் தளங்கள் தோட்டக் கல்யாணங்களை அழகுபடுத்தி விளம்பரம் செய்வதைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்திருந்தன. கல்யாணம் நின்றுவிட்டதா என்றால், இல்லை.

அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து துணிப்பையில் இருந்த தாள்களைப் படித்தேன். எந்தத் தோட்டத்துத் தாள் என்று சொல்ல மாட்டேன், பல தாள்கள் அப்படித்தான் இருந்தன. "மரங்கள் நடப்பட்டன." "ஏரிகள் வெட்டப்பட்டன." "நெல் பயிரிடப்பட்டது." செயப்பாட்டு வினை! தமிழாசிரியர் எட்டாம் வகுப்பில் நடத்தினாரே, அது. எழுவாய் இல்லாமலே வாக்கியம் நின்றுவிடும், யார் செய்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். செய்வினை வந்த இடத்திலோ கேப்டன் ஒருவர் நட்டார், ஹென்றி ஒருவர் வெட்டினார் என்று இருந்தது. துரை மண்வெட்டியை எங்கே பிடித்தார்? இந்த இலக்கணத்தில் ஒரே ஒரு நல்லதும் உண்டு. முன்பெல்லாம் "அடிமைகள்" என்று எழுதுவார்கள், இப்போது "அடிமையாக்கப்பட்டவர்கள்" என்கிறார்கள். இங்கே செயப்பாட்டு வினை சரியாக வேலை செய்கிறது. பிறவிக் குணமில்லை, எவனோ செய்தான் என்று காட்டிக்கொடுக்கிறது.

மறுநாள் அமர்வில் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒருவர், நல்ல மனிதர், ஓய்வு பெற்றவர், "வாசகர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள், அவர்களை ஏன் அழ வைக்க வேண்டும்?" என்றார். கொஞ்சம் கைதட்டல் வந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. எப்போதும் போல, பதில் பேருந்தில் போகும்போதுதான் வந்தது.

சரி, நெல்லுக்கு வருகிறேன். அமெரிக்கத் தென்பகுதி என்றால் நமக்குப் பருத்திதான் ஞாபகம் வரும். சார்லஸ்டன் பணக்கார ஊரானது நெல்லால். நான் காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவன். வண்டி மிடில்டன் பிளேஸ் என்ற தோட்டத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பூந்தோட்டத்தைப் பார்த்தார்கள், நான் வரப்பைப் பார்த்தேன்.

1741இல் தொடங்கிய தோட்டம் அது. அந்தக் குடும்பத்து ஆர்தர் மிடில்டன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று சொல்லும் அதே தாளில்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. 1865இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறை வேண்டும் என்ற தென் மாநிலங்களோடு மோதிய வடக்குப் படை பெரிய வீட்டைக் கொளுத்திவிட்டது, பக்கவாட்டுக் கட்டிடம் ஒன்றுதான் மிச்சம். பார்வையாளர்களுக்காக ஒரு சின்ன வயல் வைத்து அதில் கரோலினா கோல்டு என்ற பழைய நெல்லை விதைக்கிறார்கள். உமி தங்க நிறம், அதனால் அந்தப் பெயர்.

இப்போது பாசனத்தைக் கேளுங்கள். நம் ஊரில் ஆறு மேட்டிலிருந்து வருகிறது, மதகைத் திறந்தால் தண்ணீர் பாய்கிறது. அங்கே நிலம் தட்டை. ஆனால் கடல் பக்கத்தில். கடலில் ஓதம் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளும். உப்புத் தண்ணீர் கனம், அடியில் கிடக்கும். நல்ல தண்ணீர் மேலே ஏறி வரும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், ஓதம் இறங்கும்போது வடிக்க வேண்டும். கடலுக்குக் கொஞ்சம் கிட்டப் போனால் உப்பு ஏறிப் பயிர் கருகும். கொஞ்சம் தள்ளிப் போனால் ஓதம் எட்டாது. ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மட்டும்தான் இந்த வித்தை பலிக்கும். அந்த மதகை அங்கே டிரங்க் என்கிறார்கள். ஆரம்பத்தில் குடைந்த சைப்ரஸ் மரத்தடியைக் கரைக்குள் புதைத்து, வாயில் அடைப்பு வைத்தார்கள். அப்பா "தூம்பு" என்பார், அதேதான். பிற்பாடு கதவு வைத்த பெட்டியாக மாறியும் பெயர் மட்டும் மரத்தடி என்றே நின்றுவிட்டது.

சதுப்பில் சைப்ரஸ் காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, மைல் கணக்கில் கரை போட்டு, இடுப்பளவு சேற்றில் நின்று இதையெல்லாம் செய்தது யார்? சார்லஸ்டனில் பிரபலமான கதை ஒன்று உண்டு. 1685 வாக்கில் மடகாஸ்கரிலிருந்து வந்த கப்பல் ஒன்று ரிப்பேருக்கு ஒதுங்கியதாம், கேப்டன் ஒரு மூட்டை விதைநெல்லை ஊர் மருத்துவரிடம் கொடுத்தாராம். இருக்கட்டும். விதை வந்தால் போதுமா? விதை நேர்த்தி, நாள் பார்ப்பது, தண்ணீர் கட்டுவது, குத்துவது, புடைப்பது இதெல்லாம் மூட்டைக்குள் வருமா? மேற்கு ஆப்பிரிக்காவில் பல நூற்றாண்டுகளாக நெல் பயிரிட்ட மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கென்று தனி நெல் இனமே உண்டு. அவர்களைத்தான் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த அறிவு எவ்வளவு தூரம் அங்கிருந்து வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் விவசாயி வீட்டுப் பிள்ளை. ஏர் பிடிக்காத துரைமார் தாமாக யோசித்துக் கண்டுபிடித்தார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்று. மலேரியாவுக்குப் பயந்து, மே மாதம் வந்தால் துரை குடும்பம் நகரத்துக்கோ கடற்கரைக்கோ போய்விடும், பனி விழுந்த பிறகுதான் திரும்பும். நெல் வளர்வது அந்த மாதங்களில்தான்! வயலில் மேற்பார்வை பார்த்தவர் பெரும்பாலும் அடிமையாக்கப்பட்டவர்களிலேயே ஒருவர். டிரைவர் என்று பெயர். கங்காணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கங்காணிக்குச் சம்பளம் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்று கணக்கு.

மிடில்டனில் ஒரு பெண்மணி நெல் குத்திக் காட்டினார். மரத்தடியைக் குடைந்த உரல். உலக்கைக்குப் பூண் இல்லை, மற்றபடி நம் உலக்கைதான். குத்திய நெல்லை வட்டமான, விளிம்பு குறைந்த ஒரு கூடையில் போட்டுத் தூற்றினார். அதை ஃபேனர் என்கிறார்கள். என் கை சும்மா இருக்கவில்லை. "நான் ஒரு தடவை" என்று வாங்கி, பாட்டி புடைப்பது மாதிரி முன்பக்கம் தட்டினேன். நம் முறத்துக்கு முன்பக்கம் விளிம்பு கிடையாது, இதற்குச் சுற்றிலும் உண்டு. அரிசி விளிம்பில் மோதி என் சட்டையில் விழுந்தது. அந்தம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்து, மேலே தூக்கிப் போட வேண்டும், உமி காற்றில் போகும் என்று சொல்லிக்கொடுத்தார். பயிற்சிப் பட்டறை என்றால் எனக்கு அதுதான்.

கோம்பாஹி ஆற்றங்கரை நெல் தோட்டங்களில் நடந்ததையும் அவர் சொன்னார். 1863 ஜூன் 2. உள்நாட்டுப் போர் நடக்கிறது. தானும் அடிமைத்தளையிலிருந்து தப்பி, மற்றவர்களையும் தப்பவைத்த ஹாரியட் டப்மன் என்ற பெண்மணி வழிகாட்ட, வடக்குப் படையின் படகுகள் ஆற்றில் ஏறின. எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் தப்பினார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானையை ஆவி பறக்கத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்த ஒரு பெண்ணை டப்மன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓடும்போதும் சோற்றை விடவில்லை பாருங்கள்.

"தோட்டம்" என்ற சொல்லுக்கு வருகிறேன் என்றேனே. ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் முன்பு நான் ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவில் மூன்று நாள் இலவசமாகத் தங்கி ஒரு கட்டுரை எழுதினேன். கணப்பு, மூடுபனி, வெள்ளிக் கெட்டிலில் தேநீர், பிரிட்டிஷ் காலத்து நாற்காலி எல்லாம் வந்தது. பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் லயன் வீடுகள் இருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. "தேயிலை பறிக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்றில்லை. கூலிக்கு ஒப்பந்தம் போட்டு ஏமாற்றிக் கூட்டிப்போவதும் மனிதரை ஏலத்தில் விற்பதும் ஒரே தராசில் நிற்காது. ஆனால் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேடியபோதுதான் நம்மவர்களை மொரீஷியசுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த மாநாட்டுப் பெரியவருக்குப் பதில் சொல்ல வராததற்குக் காரணம், அவர் இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

மெக்லாய்ட் என்ற தோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். பருத்தித் தோட்டம். 1920களில் அந்த வீட்டின் முகத்தையே மாற்றிவிட்டார்கள். பின்பக்கத்தில் தூண்கள் வைத்து அதை முன்பக்கமாக்கினார்கள், மரச்சாலை வழியாக வருபவர்களுக்குக் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று. 2015இல் மாவட்டப் பூங்காத் துறை அதைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, கதையைக் குடில்களிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். அந்தக் குடில்களில் 1990 வரை ஆட்கள் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? திறந்த சில வாரங்களில், அதே வருடம் ஜூன் 17ஆம் தேதி, சார்லஸ்டனின் இமானுவேல் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். அதற்கு முன் அவன் இந்தத் தோட்டங்களுக்கு வந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். நாங்கள் படம் எடுத்த அதே இடங்களில்.

பேருந்தில் அன்றைக்கு யாரும் பேசவில்லை. எனக்கு மேலே சொன்ன பெரியவரைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

கடைசி நாள் நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் கூடை வாங்கப் போனேன். ஸ்வீட்கிராஸ் என்கிற புல்லைச் சுருட்டி, பனையோலை மாதிரி ஒரு ஓலையால் கட்டிப் பின்னுகிறார்கள். நெல் தூற்றிய கூடையிலிருந்து வந்த கைவேலை, தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து நிற்கிறது. பெரிய ஃபேனரின் விலையைக் கேட்டுக் கீழே வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் பின்னியது, அந்த விலை நியாயம்தான், என் பர்ஸ்தான் நியாயமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒன்று வாங்கினேன். பின்னியவரின் பெயரைக் கேட்டு அடியில் எழுதித் தரச் சொன்னேன், எழுதிக்கொடுத்தார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முறத்துக்குக் குட்டி போட்ட மாதிரி இருக்கு" என்றார். இப்போது அதில் சின்ன வெங்காயம் இருக்கிறது.