கொழுப்பில் ஒரு சேமிப்பு, மண்ணில் ஒரு சேமிப்பு

நேயர்களுக்கு வணக்கம். வட அமெரிக்காவின் கிரவுண்ட்ஹாக்கையும் சாம்பல் அணிலையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உறவு என்று சொல்லத் தோன்றாது. முன்னது 2 முதல் 6 கிலோ வரை எடையுள்ள, குட்டைக்கால் வளைவாசி. பின்னது அரைக் கிலோ அளவே உள்ள மரவாசி. ஆனாலும் இரண்டும் அணில் குடும்பம்தான். குளிர்காலத்துக்கான உணவை எங்கே சேர்த்து வைக்கின்றன என்று பார்த்தால், இவற்றின் பெரும்பாலான வேறுபாடுகள் புரிந்துவிடும்.

கிரவுண்ட்ஹாக்கின் சேமிப்புக் கிடங்கு அதன் உடம்பே. கோடை முழுவதும் புல்லும் இலைதழையும் தின்று கொழுப்பு சேர்க்கிறது. பிறகு, மண் உறையாத ஆழத்தில் உள்ள அறைக்குள் நுழைந்து, வாயிலை மண்ணால் அடைத்துக்கொண்டு சுருண்டுகொள்கிறது. நிமிடத்துக்கு 80-க்கு மேல் துடித்த இதயம் 10-க்கும் கீழே இறங்குகிறது. 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்த உடல்வெப்பம் 5 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. இந்த உறக்கம் ஒரே மூச்சாக நீடிப்பதில்லை. இடையிடையே உடம்பைச் சூடாக்கி விழிக்கிறது. குளிர்காலக் கொழுப்பில் பெரும்பகுதி கரைவது இந்த விழிப்புகளில்தான். வசந்தத்தில் வெளிவரும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம். அந்த ஆண்டு பிறந்த குட்டி போதுமான கொழுப்பு சேர்க்காவிட்டால் பிழைப்பது கடினம்.

இந்த வாழ்க்கைக்கு வளை இன்றியமையாதது. முன்காலில் நான்கு விரல்கள், தடித்து வளைந்த நகங்கள். முன்கால்கள் மண்ணைக் கிளற, பின்கால்கள் அதை உதைத்துத் தள்ளும். முதன்மை வாயிலில் மண்மேடு தெரியும். தப்பிக்கும் வாயிலை உள்ளிருந்தே தோண்டுவதால் அங்கே மேடு இருக்காது, புல்லுக்குள் மறைந்திருக்கும்.

சாம்பல் அணிலுக்கு இந்த வழி உதவாது. இலையுதிர்காலத்தில் கொஞ்சம் பருக்கிறது, உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறினால் மெல்லிய கிளை தாங்காது, தாவலும் தவறும். பின்கால் கணுக்கால் முழுதாகப் பின்னோக்கித் திரும்புவதால், தலைகீழாக மரத்தைவிட்டு இறங்குகிறது. நீண்ட வால் சமநிலைக்கும், குளிரில் போர்த்திக்கொள்ளவும் உதவும். குளிர்கால உறக்கம் கிடையாது. அதனால் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி இடங்களில் புதைத்து, நினைவாலும் மோப்பத்தாலும் தேடி எடுக்கிறது. எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஓக் கொட்டையை அது கையாளும் விதம். வெள்ளை ஓக் கொட்டை இலையுதிர்காலத்திலேயே முளைத்து வீணாகும் என்பதால், முளைக்கருவைக் கடித்தெடுத்துவிட்டுப் புதைக்கிறது. வசந்தத்தில் முளைக்கும் சிவப்பு ஓக் கொட்டையை அப்படியே புதைக்கிறது. பிற அணில்கள் பார்த்துக்கொண்டிருந்தால், புதைப்பதுபோலப் பாவனை செய்வதும் உண்டு.

பற்களில் உறவு தெரிகிறது. இரண்டுக்கும் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளரும். மேலும் கீழும் ஒன்றோடொன்று சரியாக உரசாவிட்டால் பற்கள் வளைந்து நீண்டு, தின்ன முடியாமலே விலங்கு இறக்கும். அணிலின் பற்கள் ஆரஞ்சு நிறம், கிரவுண்ட்ஹாக்கினுடையவை வெண்மை.

கிரவுண்ட்ஹாக்குக்கு ஏறத் தெரியாது என்று நம்பித் தோட்டத்தைக் காக்க வேலி போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். அது மரமும் ஏறும், நீந்தவும் செய்யும். கம்பிவலையின் அடிப்பகுதியை 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி வெளிப்புறமாக மடக்குங்கள். மேல் 30 சென்டிமீட்டரைத் தூணில் கட்டாமல் வெளிப்பக்கம் தளர்வாக வளைத்துவிடுங்கள். ஏறும்போது ஆடுவதால் பிடி கிடைக்காது. அணிலுக்கு இந்த வேலி போதாது, மேற்புறத்தையும் கம்பிவலையால் மூட வேண்டும்.