ஃபின்னிஷ் ‘ஒய்’: நாக்கு ஈ-யில, உதடு ஊ-வுல

(திரையில்: ஒய் எழுத்து, பெரிதாக)

கையில கண்ணாடி இருக்கா? இல்லன்னா செல்ஃபி கேமராவைத் திறந்து வச்சுக்கங்க. இன்னிக்குப் பாடம் காதுக்கு இல்ல, உதட்டுக்கு.

ஃபின்லாந்துல பேசுற ஃபின்னிஷ்ல உயிரொலி 8. அதுல நமக்குத் தண்ணி காட்டுறது இந்த ஒய். இங்கிலீஷ் பழக்கத்துல ‘ய’ன்னு வாய் போயிடும். யகரத்துக்கு அவங்க ஜே எழுத்தை வச்சிருக்காங்க. இது முழு உயிர்.

இப்போ ‘முத்து’ன்னு மெதுவா சொல்லுங்க. ‘மு’வுல உதடு குவியுது. கடைசி ‘து’வுல? குவியல. நாக்கு உ-வுக்குப் போகுது, உதடு மட்டும் லீவு. பள்ளிக்கூடத்துல மாத்திரைக் கணக்கோட மனப்பாடம் பண்ணின அதே குற்றியலுகரம்தான்.

அதைத் திருப்பிப் போடுங்க. நாக்கு இ-யில, உதடு உ-வுல. அதான் ஃபின்னிஷ் ஒய். இ-க்கு நாக்கு விளிம்பு மேல்பல்லைத் தொடும், உ-க்கு இதழ் குவியும்னு நன்னூல் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்கு. இந்த ஒலி ரெண்டு சூத்திரத்துலயும் ஆளுக்கொரு கால் வைக்குது.

‘ஈ…’ன்னு இழுங்க. நிறுத்தாம, நாக்கை அசைக்காம, சீட்டி அடிக்கிற மாதிரி உதட்டை மட்டும் குவிங்க.

(5 விநாடி இடைவெளி)

ஊ-ன்னு கேட்டா நாக்கு பின்னாடி ஓடிடுச்சுன்னு அர்த்தம். நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால ஒட்டி வச்சுட்டு மறுபடி இழுங்க. ‘யூ’ன்னு கேட்டா ஈ-யும் ஊ-வும் வரிசையில வருது. ரெண்டும் ஒண்ணா வரணும். ஆரம்பத்துல என்ன சத்தமோ அதேதான் மூச்சு முடியுற வரைக்கும்.

இவ்வளவு மெனக்கெடணுமா? ‘ஸூ’ன்னா வாய். ஊ-வை எடுத்துட்டு இந்த ஒலியைப் போட்டா, காரணம். ‘பூ’ன்னா மரம் (ஆமா, அவங்க ஊர்ல பூ மரம்தான்!). அதையே மாத்திச் சொன்னா, காட்டுல திரியுற கோழி மாதிரி ஒரு பறவை.

குறில் நெடில்ல மட்டும் நாம ராஜா. ‘துலி’ நெருப்பு, ‘தூலி’ காத்து. எழுத்தை ரெண்டு தடவை போட்டா நெடில், அவ்வளவுதான்.

(திரையில்: ஊர்ப்பெயர், ஒய் இரண்டும் சிவப்பில்)

கடைசியா ஒரு ஊர். ஃபின்லாந்தோட நடுப்பகுதியில இருக்கு. தமிழ்ல எழுதினா ‘யுவாஸ்குலா’ மாதிரி வரும், ஆனா ஒய் வர்ற ரெண்டு இடத்துலயும் அது பொய். ‘வா’, ‘லா’ கூட நம்ம ஆ இல்ல. இங்கிலீஷ்ல பூனைக்குச் சொல்ற ‘கேட்’டுல வர்ற ஒலி. ஃபின்னிஷ்ல கடன் வாங்காத, ஒய் இருக்கிற தனிச்சொல்லுல ஆ, ஓ, ஊ சேராது. அதனால இந்தப் பேர்ல எந்த உயிருக்கும் நாக்கு பின்னாடி போக வேண்டாம். வேலை எல்லாம் உதட்டுக்குத்தான்.

கண்ணாடியைப் பாருங்க. குவி, விரி, குவி, விரி. இன்னொரு தடவை, சத்தத்தோட.