இரட்டை இறக்கைக்கு எந்த எஞ்சின்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு எஞ்சின் அந்நியப் பொருள் இல்லை. எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் 1955-இல் வந்த என்ஃபீல்டு, செம்பியத்தில் சிம்சன் என்று மூன்று பக்கமும் எஞ்சின் செய்த ஊர் இது. இதில் சிம்சனுக்கு விமானத்தோடும் ஒரு சம்பந்தம் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், அப்போது வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் பட்டறையில் ஒரு விமானத்தைச் செய்யச் சொல்லி, 1910-இல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அது இரட்டை இறக்கை விமானம், அதாவது பைப்ளேன்.

நான் பேசப் போவதும் பைப்ளேனைப் பற்றித்தான். ஆனால் ஆள் ஏறாதது, தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுவது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை, எட்டு முதல் பன்னிரண்டு கிலோ எடை, மூக்கில் பெட்ரோல் எஞ்சின். டைகர் மாத் என்ற பழைய பைப்ளேனின் உண்மையான இறக்கை நீளம் 8.94 மீட்டர். அதைக் கால் பங்கு அளவில் செய்தாலே இரண்டே கால் மீட்டர் வந்துவிடும், ஆட்டோவுக்குள் நுழையாது.

இப்படி ஒரு விமானத்தைக் கட்டி முடித்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை சிசி போடலாம்?" என்பதுதான். பைக் வாங்கிப் பழகிய மனசுக்கு அது இயல்பு. என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. முதலில் எந்தப் புரொப்பல்லர், அதாவது மூக்கில் சுழலும் விசிறி, அடுத்து மூக்கில் எவ்வளவு எடை வேண்டும், அதற்குப் பிறகுதான் சிசி. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டுப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்று இதைப் பேச ஒப்புக்கொண்டேன்.

பைப்ளேனை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவே தாங்குகட்டைகள், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள், உள்ளே மடங்காத சக்கரங்கள். எல்லாமே காற்றைத் தடுப்பவை. வேகம் கூடக்கூட இந்தத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். அதைத் தள்ளத் தேவையான சக்தியோ மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தைக் கால் பங்கு கூட்ட வேண்டுமானால் எஞ்சின் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். அதனால் இந்த விமானத்தில் வேகத்துக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். இதற்கு வேண்டியது இழுவை. நிறையக் காற்றை நிதானமாகப் பின்னால் தள்ளும் பெரிய புரொப்பல்லர்.

பெரிது ஏன் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பைப்ளேன் பலவற்றின் மூக்கு டிரம் மாதிரி வட்டமாக இருக்கும். அந்த மூடி ஒன்பது அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். 18 அங்குலப் புரொப்பல்லர் போட்டால், அது சுழலும் வட்டத்தில் கால்வாசி இந்த மூடிக்குப் பின்னால் மறைந்துபோகிறது. 22 அங்குலம் போட்டால் மறைவது ஆறில் ஒரு பங்குதான்.

சரி, பிட்ச் என்ன? புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறப் பார்க்கும் என்பதே பிட்ச். 22-க்கு 8 என்றால் 22 அங்குல நீளம், 8 அங்குல பிட்ச். நிமிடத்துக்கு 6,500 சுற்று என்று கணக்குப் போட்டால் மணிக்கு 79 கிலோமீட்டர் வரும். இந்த வகை விமானம் நிதானமாக வட்டமடிப்பதற்கு அது தாராளம். அதே சுற்றில் 10 அங்குல பிட்ச் போட்டால் கணக்கில் 99 கிலோமீட்டர் வரும், ஆனால் விமானம் அந்த வேகத்தைத் தொடவே தொடாது. எஞ்சின்தான் திணறும். பைப்ளேனுக்கு நீளம் கூட்டுங்கள், பிட்சைக் குறைத்து வையுங்கள். எவ்வளவு நீளம் கூட்டலாம் என்பதைச் சக்கரத்தின் உயரம் சொல்லிவிடும். வாலைத் தூக்கிப் பறக்கும் நிலையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, புரொப்பல்லர் நுனிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரலாவது இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலில் ஓடும் விமானத்துக்கு அதற்குக் குறைந்து ஆகாது.

புரொப்பல்லர் முடிவானால் எஞ்சின் அளவு ஓரளவு தானாகவே முடிவாகிவிடும். 18 முதல் 20 அங்குலம் என்றால் 30, 35 சிசி. 22, 23 அங்குலம் என்றால் 50 முதல் 60 சிசி. 26-க்கு மேல் போனால் 100 சிசி இரட்டை சிலிண்டர். நம் ஊர் டிவிஎஸ் 50 மொபெடில் ஓடியது 50 சிசி எஞ்சின் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும்.

இனி எடை. இங்கேதான் பைப்ளேன் மற்ற விமானங்களிலிருந்து முற்றிலும் விலகுகிறது. சாதாரணமாக மாடல் விமானத்தில் எடை குறைந்த எஞ்சினைத்தான் தேடுவோம். ஆனால் பிட்ஸ் என்ற சாகச விமானம் மாதிரியான பைப்ளேனுக்கு மூக்கு குட்டை, வால் தூரத்தில். எடை மையத்திலிருந்து எஞ்சின் 40 சென்டிமீட்டர், வால் 120 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலில் 100 கிராம் கூடினால் மூக்கில் 300 கிராம் வைத்துச் சரிக்கட்ட வேண்டும். வைக்காமல் விட்டால் வால் கனத்த விமானம் கைக்கு அடங்காது. அந்த 300 கிராமை ஈயமாக வைப்பதா, எஞ்சினாக வைப்பதா? ஈயம் எதையும் இழுக்காது.

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி பிட்ஸ் ஒன்றைக் கட்டி முடித்து எங்கள் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் இன்னும் வாங்கவில்லை. "அண்ணா, இருக்கிறதிலேயே லேசான எஞ்சினைப் பார்த்து வெச்சிருக்கேன்" என்றார். முதலில் இதைச் செய்வோம் தம்பி என்று, மேல் இறக்கைக்கு நடுவில், பிளானில் எடை மையம் குறித்திருந்த இடத்துக்கு நேராகக் கயிறு கட்டி, துணி காயப்போடும் இரும்புக் குழாயில் விமானத்தைத் தொங்கவிட்டோம். டேங்க் காலி. ரிசீவர், பேட்டரி எல்லாம் அதனதன் இடத்தில். வால் சடாரென்று கீழே இறங்கியது. எஞ்சின் உட்காரும் இடத்துக்கு முன்னால், சிலிண்டர் வரும் புள்ளியில் ஒரு குச்சியை நீட்டி, அதில் பிளாஸ்டிக் பையை மாட்டி, மணலைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டே வந்தோம். விமானம் மட்டமாக நின்றதும் பையை அவிழ்த்துக் கீழே மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். எஞ்சின், மஃப்ளர், இக்னிஷன், அதன் பேட்டரி, மவுண்ட், புரொப்பல்லர் எல்லாம் சேர்ந்து அந்த விமானத்துக்கு எவ்வளவு எடை வேண்டும் என்பது கையில் வந்துவிட்டது. அவர் பார்த்துவைத்திருந்த எஞ்சின் எல்லாச் சாமான்களோடும் சேர்ந்து அதைவிட அரை கிலோ குறைவு. அரை கிலோ ஈயத்தை மூக்கில் சுமக்க இருந்தார்.

இந்த மணல் பை சோதனையை எஞ்சினுக்குப் பணம் கட்டும் முன்பே எல்லோரும் செய்துவிடுங்கள். செலவே இல்லை.

அப்புறம், எந்த வகை எஞ்சின்? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தருவதற்கு இரண்டு வழி. பழைய வழி மேக்னெட்டோ. ஃப்ளைவீலில் காந்தம், தனி பேட்டரி வேண்டாம். ஜப்பானின் ஜெனோவா ஜி-62 அப்படிப்பட்டது. கனமான எஞ்சின், கையால் சுண்டும்போது கொஞ்சம் வேகமாகச் சுண்ட வேண்டும், ஆனால் வருடக்கணக்காக உழைக்கும். புதிய வழி பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் இக்னிஷன். டிஎல்இ 55, டிஏ 50 போன்றவை இந்த வகை. எடை குறைவு; சுற்றுக்கு ஏற்பத் தீப்பொறி தரும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்வதால் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். தம்பியின் பிட்ஸுக்கு மேக்னெட்டோ எஞ்சின்தான் சரி என்றேன். அதே தம்பி மூக்கு நீண்ட விமானம் செய்திருந்தால் இன்னொன்றைச் சொல்லியிருப்பேன்.

சைட்டோ போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்களும் இருக்கின்றன. குறைந்த சுற்றில் பெரிய புரொப்பல்லரைச் சுழற்றும். சத்தமும் பழைய விமானத்துக்கு அத்தனை பொருத்தம். காசு இருந்தால் பைப்ளேனுக்கு இதைவிட நல்ல பொருத்தம் கிடையாது என்பது என் எண்ணம். வால்வு இடைவெளியை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்யும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

புல் வெட்டும் மெஷினின் எஞ்சினை மாற்றிப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வியாசர்பாடி லேத் பட்டறையில் புரொப்பல்லர் மாட்டும் ஹப்பைக் கடைந்து வாங்கிவிடலாம்தான். ஆனால் பெரிய புரொப்பல்லர் இழுக்கும்போதும், விமானம் சட்டென்று திரும்பும்போதும் கிராங்க் ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும். விமானத்துக்கென்று செய்த எஞ்சினில் முன் பேரிங்கும் ஷாஃப்டும் அந்தச் சுமைக்காகவே தடிமனாக இருக்கும். சிறிய பயிற்சி விமானத்தில் முயன்று பாருங்கள். மாதக்கணக்கில் கட்டிய பைப்ளேனில் வேண்டாம்.

ஆனாலும் இந்த எஞ்சின்களுக்கும் மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் தெருத்தெருவாக மரம் அறுத்தார்களே, அந்த மெஷினை எப்படியெல்லாம் சாய்த்துப் பிடித்தார்கள், கவனித்தீர்களா? பக்கவாட்டில், தலைகீழாக, எப்படிப் பிடித்தாலும் எஞ்சின் நிற்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பைக் கார்பரேட்டரில் மிதவை இருக்கும், சாய்த்தால் பெட்ரோல் வழிந்துவிடும். ரம்பத்தில் இருப்பது டயாஃப்ரம் கார்பரேட்டர். மிதவைக்குப் பதில் ஒரு மெல்லிய சவ்வு. எஞ்சினின் மூச்சிலேயே துடித்துப் பெட்ரோலை உறிஞ்சும். வால்ப்ரோ என்ற பெயரில் வரும் அதே வகைக் கார்பரேட்டர்தான் நம் விமான எஞ்சின்களிலும் இருக்கிறது. விமானம் குட்டிக்கரணம் போட்டாலும் எஞ்சின் ஓடுவது இதனால்தான்.

அந்தச் சவ்வுக்கு எதிரி நம் பெட்ரோலே. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? எஞ்சினில் மிச்சம் வைத்த பெட்ரோல் சவ்வை விறைக்கச் செய்யும், பேரிங்கில் துருவை ஏற்றும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓட விட்டு நிறுத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கார்பரேட்டர் ஊசியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் கலவை வறண்டு எஞ்சின் சூடேறும். ஆர்எக்ஸ் 100 காலத்து மெக்கானிக் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சத்தத்தை வைத்தே கலவை சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். ஆயில் அளவு எஞ்சினோடு வரும் கையேட்டில் இருக்கும். 30-க்கு 1 என்றால் லிட்டருக்கு 33 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள்.

சூட்டைப் பற்றிச் சொன்னேன். வட்ட மூடிக்குள் எஞ்சினை ஒளித்து வைத்தால் பார்க்க அழகு, ஆனால் சென்னை மே மாதத்தில் அது வெந்துவிடும். முன்னால் நுழையும் காற்று சிலிண்டரின் தகடுகளுக்கு நடுவே போயாக வேண்டும். சுற்றிக்கொண்டு தப்பிக்கவிடாமல் மெல்லிய பலகையால் தடுப்பு வையுங்கள். காற்று வெளியேறும் வழி, நுழையும் வழியைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். எஞ்சின் வானத்தில் நின்றுவிட்டால் பைப்ளேன் மிதந்து வராது. அத்தனை கம்பியும் கட்டையும் சேர்ந்து வேகத்தைத் தின்றுவிடும். மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே நின்றுபோகாத எஞ்சின், பலசாலி எஞ்சினைவிட மேல்.

பாதுகாப்பில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 22 அங்குலப் புரொப்பல்லர் விரலை மட்டும் காயப்படுத்திவிட்டு விடாது. எஞ்சினைக் கிளப்பும்போது ஒருவர் விமானத்தைப் பிடித்திருக்க வேண்டும், தடித்த தோல் கையுறை வேண்டும், ரிமோட்டிலிருந்தே இக்னிஷனைத் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். குழந்தைகள் புரொப்பல்லருக்குப் பின்பக்கம், தூரத்தில். எங்கே பறப்பது என்பதற்கு டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள், அதைப் பாருங்கள். துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையமும் இருக்கும் எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளிப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: டயாஃப்ரம் கிட், கேஸ்கட், பிஸ்டன் ரிங், பிளக் இவை தனித்தனியாகக் கிடைக்குமா? இக்னிஷன் பெட்டி கெட்டால் மாற்று வருமா, எத்தனை நாளில் வரும்? போல்ட்டும் நட்டும் பாரிமுனையில் செம்புதாஸ் தெருவில் கிடைத்துவிடும், ஆனால் ரிங் அங்கே கிடைக்காது. இதற்கெல்லாம் பதில் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.